சூசைக்கு நான் சொல்லாமல் விட்டது

நான் ஒரு திருடன். பூட்டு எதையும் உடைக்கவில்லை. யார் பையிலும் கை விடவில்லை. என் சிநேகிதனுக்குச் சேர வேண்டிய நட்ட ஈட்டை, அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டு, அவனுக்காகப் பேசுகிறேன் என்று சொல்லிக்கொண்டு, நான் வாங்கிக்கொண்டேன்.

இதைக் கோவிலில் சாமியாரிடம் சொல்லியிருக்க வேண்டும். எத்தனையோ முறை பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் முழங்காலிட்டேன். கோபப்பட்டேன், பொய் சொன்னேன், பூசைக்கு வரவில்லை என்று சில்லறைப் பாவங்களாகவே எடுத்துக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன். இதைச் சொன்னால் சாமியார் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். முதலில் போய் அவனிடம் சொல் என்பார்... அதற்குத்தான் எனக்குத் துணிவில்லை. அதனால் முகம் தெரியாத உங்களிடம் வந்து நிற்கிறேன்.

அவன் பெயர் சூசை. இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருஷங்களில் நாங்கள் இருவரும் அரபு நாட்டில், புஜைராவில், எண்ணெய்த் தொட்டிகளைச் சுத்தம் செய்து பெயின்ட் அடிக்கும் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் ஸ்டோர் கீப்பர். பாதியில் விட்ட பி.ஏ.வும் கொஞ்சம் இங்கிலீஷும் இருந்ததால் ஏ.சி. அறையில் உட்காரும் பாக்கியம். அவன் ஹெல்பர்; தின்னர் டிரம்களைத் தூக்குகிறவன். இரண்டு பேருக்கும் குமரி மாவட்டத்துக் கடற்கரைதான் சொந்த ஊர். ஊரில் இருந்தவரை ஒருவரை ஒருவர் பார்த்தது கூட இல்லை. கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்பில்தான் அவன் மேல்கட்டில், நான் கீழ்கட்டில் என்று ஆனோம்.

ஹெல்த் கார்டுக்கு என்று சொல்லி எங்கள் எல்லாருடைய சம்பளத்திலும் மாதாமாதம் பிடித்தார்கள். கார்டு வந்ததோ பாதிப் பேருக்கு மட்டும். சூசைக்கு வந்தது, எனக்கு வரவில்லை. ஆபீசில் கேட்டால், வரும், வரும், அடுத்த மாசம் வரும் என்பார்கள். பிடித்த பணத்தைக் கம்பெனி அப்படியே வாயில் போட்டுக்கொண்டது என்று பின்னால்தான் தெரிந்தது.

கார்டு இல்லாத எனக்குத்தான் பித்தப்பையில் கல் வந்தது! வலி என்றால் அப்படியொரு வலி. பாத்ரூம் தரையில் சுருண்டு கிடந்தவனைச் சூசைதான் தூக்கி உட்கார வைத்தான். தன் கார்டை எடுத்து என் சட்டைப் பையில் திணித்தான்.

“கொண்டு போலே. போட்டோவுல மூஞ்சியா தெரியி? மீச மட்டுந்தான் தெரியி.”

கார்டை மாற்றிக்கொள்வது எங்கள் கேம்பில் பெரிய விஷயமே இல்லை. இஸ்திரிப் பெட்டியை இரவல் கொடுப்பது போல ஒருவர் கார்டை இன்னொருவர் வாங்கிக்கொண்டு போவார்கள். காய்ச்சலுக்கும் பல்வலிக்கும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் எனக்கு நடந்தது ஆபரேஷன். வலது விலாவுக்குக் கீழே கிழித்துத் தைத்தார்கள். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் கிழிபட்டவன் பெயர் சூசை.

அந்த நாட்களில் நானும் சூசையாகவே படுத்துக்கிடந்தேன். நர்ஸ் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சில நேரம் திரும்பிப் பார்க்க மறந்துவிடுவேன். அவன் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தபோது, நர்ஸ் காதில் விழவேண்டும் என்று, “வா மரியதாஸ், வா” என்று என் பெயரைச் சொல்லி அவனை வரவேற்றேன். அவன் சிரிப்பை அடக்கமுடியாமல் வெளியே ஓடினான். நானும் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன்... அவ்வளவு சந்தோஷமாக அதன்பிறகு அவனோடு நான் சிரித்ததில்லை.

சில மாதம் கழித்து அவனுக்குக் குடலிறக்கம் வந்தது. டிரம் தூக்கித் தூக்கி வந்த வினை. அடிவயிற்றின் ஓரத்தில் எலுமிச்சம்பழம் மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். கையால் அழுத்தி உள்ளே தள்ளிவிட்டு மறுபடியும் டிரம்மைத் தூக்குவான். அதே ஆஸ்பத்திரிக்குப் போனான். உன் கார்டில் இந்த வருஷத்துக்கு உள்ள தொகை முழுக்க உன் ஆபரேஷனில் தீர்ந்துபோயிற்று என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் கம்பெனி யாருடைய கார்டையும் புதுப்பிக்கவில்லை. அவன் ஒரு பெல்ட்டை வாங்கி இறுக்கிக் கட்டிக்கொண்டான். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்காவது உறைத்ததா என்று கேட்காதீர்கள்... உறைத்தது. உறைத்தும் சும்மா இருந்தேன்.

கார்டு செத்துப்போன பிறகுதான் எல்லாரும் விழித்துக்கொண்டார்கள். ஒன்றாகச் சேர்ந்து லேபர் ஆபீசில் புகார் கொடுத்தோம். பேசவேண்டிய இடத்திலெல்லாம் என்னைத்தான் முன்னால் தள்ளினார்கள். தாஸண்ணன் பேசுவார், தாஸண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியும்! எனக்கும் அது குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

ஆபீசர் விசாரித்தார். கம்பெனி இறங்கி வந்தது. முடிவு இதுதான்: பணம் பிடிக்கப்பட்டும் வைத்தியமே கிடைக்காதவர்களுக்கு ஒரு மொத்தத் தொகை, கார்டில் ஆபரேஷன் அளவுக்குப் பெரிய வைத்தியம் பார்த்தவர்களுக்கு ஒன்றும் கிடையாது. கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டால் அதோடு கலாஸ், பிறகு யாரும் எதையும் கேட்க முடியாது. அந்தத் தொகையில் நாகர்கோவிலில் ஒரு நல்ல ஆஸ்பத்திரியில் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டு, மிச்சத்தில் வலையும் வாங்கலாம்.

எங்கள் கம்பெனியில் முக்கால்வாசியும் தமிழ் ஆட்கள். அதனால் எங்களை முதலில் வரச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு இன்னொரு நாள். பஸ்ஸில் சூசை என் பக்கத்தில் உட்கார்ந்தான். தனக்கும் கிடைக்கும்தானே, ஒரு மாத்திரை கூட அந்தக் கார்டில் தான் வாங்கித் தின்னவில்லையே என்றான். பார்ப்போம் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆபீசர் வயதானவர். வெள்ளைக் கந்தூரா அங்கியும் மூக்குக் கண்ணாடியுமாக இருந்தார். எங்களுக்கு டீ கொண்டுவரச் சொன்னார். அவர் இங்கிலீஷில் ஒவ்வொன்றாக நிறுத்திச் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். யாருக்குக் கிடைக்கும் என்றார், சொன்னேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்றார், சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இதைச் சொன்னார்:

“கார்டை இன்னொருவருக்குக் கொடுத்து உதவியவர்கள் இருந்தால் இப்போதே சொல்லட்டும். எனக்குத் தெரியும், கேம்பில் இது நடக்கும். யார் மேலும் கேஸ் கிடையாது. வைத்தியம் பார்த்தவர் யார் என்று பெயரை மட்டும் மாற்றி எழுதிக்கொள்கிறேன்.”

கேஸ் கிடையாது என்பதை அவர் இரண்டு முறை சொன்னார். எனக்கு நன்றாகப் புரிந்தது. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை.

நான் அதைத் தமிழில் சொல்லவில்லை.

வரிசையாகப் போய் நில்லுங்கள், பெயர் கூப்பிடுவார்கள் என்று சொல்லிவிட்டேன். அறையில் வேறு யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், சொன்னபடியே போய் நின்றார்கள். ஆபீசர் என்னைப் பார்த்தார். யாரும் இல்லை என்று தலையாட்டினேன்.

ஏன்? பயமா? இத்தனை வருஷமாகப் பயம் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது பொய். பயப்படவேண்டாம் என்று அந்த மனிதர் சொன்ன பிறகு என்ன பயம்! ஆபரேஷன் சூசை பெயரிலிருந்து என் பெயருக்கு மாறினால் பணம் அவனுக்குப் போகும், எனக்கு வராது. அவ்வளவுதான் விஷயம். முந்தின வெள்ளிக்கிழமை போனில் என் மனைவியிடம், வீட்டு முன்னறைக்கு மார்பிள் போட்டுவிடலாம் என்று சொல்லியிருந்தேன். நோய் நொடி, கடன், கல்யாணம் ஒன்றும் இல்லை... மார்பிள்! சீ, என்ன மனுஷன் நான்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். வைத்தியம் ஏதாவது பார்த்தாயா என்றார்கள். இல்லை என்றேன். சட்டைக்கு அடியில் தழும்பை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னேன். கையெழுத்துப் போட்டேன்.

பிறகு சூசை. ஆபீசர் காகிதத்தைப் பார்த்து, இவருக்கு ஆபரேஷன் நடந்திருக்கிறதே, இவருக்குக் கிடையாது என்றார். அதை மட்டும் ஒழுங்காக மொழிபெயர்த்தேன். சூசை முதலில் என்னைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான். அவன் கை சட்டை நுனிக்குப் போனது.

“மக்கா, சட்டையத் தூக்கிக் காட்டிரட்டா? என் வயித்துல ஒரு கீறல் கெடையாதுலா?”

நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

“வேண்டாம்லே. கார்டு மாறுனது தெரிஞ்சா ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போவணும். பேசாம இரு.”

அவன் கை என் பிடிக்குள் சட்டென்று தளர்ந்துவிட்டது. என்ன சொல்கிறார் என்று ஆபீசர் கேட்டார். சரி என்கிறார் என்றேன்.

திரும்பும்போதும் அவன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். கோபமாக இருப்பான் என்று நினைத்தேன். உனக்காவது கிடைத்ததே என்றான்! உண்மையாகவே சொன்னான், அவனுக்குக் குத்திப் பேசத் தெரியாது. அப்போதாவது பாதியைக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால், ஏன் கொடுக்கிறாய் என்று கேட்பானே என்று ஒரு சாக்கு கண்டுபிடித்தேன். எனக்குச் சாக்குக்கா பஞ்சம்!

இன்னும் கேளுங்கள், இதோடு முடியவில்லை. அடுத்த முறை ஹிந்திக்காரர்களும் மலையாளிகளும் லேபர் ஆபீசுக்குப் போவார்கள். அங்கே அந்த ஆபீசர் அதே வார்த்தையைச் சொல்வார். அவர்கள் வந்து மெஸ்ஸில் பேசுவார்கள்... அது சூசை காதில் விழும். அதனால் நானே மேனேஜரிடம் போய், இந்த ஆள் குடலிறக்கத்தோடு டிரம் தூக்குகிறான், சைட்டில் ஏதாவது ஆகிவிட்டால் கம்பெனிக்குத்தான் தொல்லை என்று போட்டுக்கொடுத்தேன். விசாவை ரத்து செய்து டிக்கெட் போட்டார்கள். மற்றவர்கள் லேபர் ஆபீசுக்குப் போகுமுன் அவன் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான். உடம்பைப் பார்த்துக்கொள்ள நான்தான் பேசி அனுப்பிவைக்கிறேன் என்று அவனிடம் சொல்லியிருந்தேன். கம்பளி, பால்பவுடர், கோடாலித் தைலம் எல்லாம் வாங்கிப் பெட்டி கட்டிக் கொடுத்தேன். ஏர்போர்ட்டில் என்னைக் கட்டிப் பிடித்து அழுதான்.

ஊருக்குப் போனவன் பணம் இல்லாமல் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டான். வள்ளம் தள்ளும்போது ஒரு நாள் குடல் முறுக்கிக்கொண்டது. பெரியாஸ்பத்திரியில் கொண்டு போட்டு, அழுகின குடலை ஒரு துண்டு வெட்டி எடுத்தார்கள். உயிர் தப்பியதே ஆண்டவர் கிருபை என்று அவன் மனைவி பிலோமினா போனில் அழுதாள். அதற்கப்புறம் அவன் கடலுக்குப் போகவில்லை. அவள்தான் மீன் சுமந்து விற்கப் போகிறாள். அவன் வீட்டில் கிழிந்த வலைகளைப் பொத்திக்கொண்டிருக்கிறான்.

நான் பணம் அனுப்பினேன். அதையும் சொல்லிவிடுகிறேன், நல்ல பெயர் வாங்க அல்ல. திருப்பி அனுப்பிவிட்டான். நீ செய்ததே போதும் மக்கா என்றான். அவன் எதைச் சொன்னான், எனக்குள் எது கேட்டது என்று உங்களுக்குத் தெரியும்.

லீவில் போனபோது, தன் கடைசிப் பெண் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு என்னை ஞானத்தகப்பனாக நிற்கச் சொன்னான். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? நின்றேன். பாவத்தை விட்டுவிடுகிறாயா என்று சாமியார் கேட்டதற்கு, பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு, விட்டுவிடுகிறேன் என்று ஊர் கேட்கச் சொன்னேன். சாப்பாட்டுப் பந்தியில் சூசை எழுந்து நின்று என் தோளில் கை போட்டான்.

“அன்னைக்கு இவன் மட்டும் என் கையப் பிடிச்சி நிறுத்தலன்னா, நான் அரபிக்காரன் ஜெயில்ல கெடந்திருப்பேன்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆட்டுக்கறியை வாயில் வைத்துக்கொண்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம்... சொல்லியிருக்கலாம், சொல்லியிருக்கலாம்! வாழ்க்கை முழுக்க இதே பல்லவி.

அந்தப் பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கெட்டிக்காரி, எதையும் விடாமல் கேட்பாள். போன கிறிஸ்துமஸுக்குச் சூசை போன் போட்டு அவள் கையில் கொடுத்தான். தோத்திரம் சொன்னாள். ஆசீர்வாதம் சொன்னேன். அப்பா அந்தக் கதையைச் சொல்லும்போது பாதியில் அழுதுவிடுகிறார், அதனால் நீங்களே சொல்லுங்கள், அப்பாவை எப்படிக் காப்பாற்றினீர்கள் என்று கேட்டாள்.

சொன்னேன். அவள் அப்பா நம்புகிற அதே கதையை, ஆபீசர், டீ, சட்டை, நான் பிடித்த கை என்று ஒன்று விடாமல், நிறுத்தி நிறுத்தி, நன்றாகவே சொன்னேன். அவள் மூச்சு விடாமல் கேட்டாள். முடித்ததும், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றாள்.

இன்னொரு தடவையும் சொன்னேன்.