நாயாற்றில் நட்ட கண்டல்கள்

எண்பதுகளில் ஒரு பங்குனி. அறுவடை முடிந்து ஆறியிருக்க, நாயாறு என்ற கடலோர ஊரில் வாழ்க்கைப்பட்ட தங்கையிடம் போயிருந்தேன். கடல்நீர் புகும் களப்பின் கரையை அலை அரிக்காமலிருக்க ஊரார் உப்புநீரில் வளரும் கண்டல் மரக்கன்றுகளை நட்டார்கள். வயற்காரி சும்மா இருப்பேனா? நானும் நட்டேன். அறுப்புக்குப் பிறகு ஆடுகளை அவிழ்த்துவிடும் ஊர் அது. அதனால் கன்றுகளைச் சுற்றித் தடி ஊன்றி அடைத்தேன்.

அந்தக் கிழமையே, போரில் தங்கள் ஊரைவிட்டு விரட்டப்பட்ட சனம் கரையில் வந்து தங்கியது. ஒருத்தி என் தடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

“எடியே, ஆடு திண்டிடுமெல்லோ!” என்று பாய்ந்தேன்.

“பிள்ளையளுக்குக் கஞ்சி காய்ச்ச விறகில்லை, அக்கா. இது மரமாகேக்கை நாங்கள் எங்கை கிடப்பமோ!”

எவருக்கும் விட்டுக்கொடாத நான், மிச்சத் தடிகளையும் பிடுங்கி அவள் கையில் கொடுத்தேன். விடிந்தபோது கன்றுகளில் ஓர் இலைகூட இல்லை.

இப்போது மரம் நடக் கூப்பிடுகிறவர்களிடம், நடப்போகிற ஊரில் அடுப்பெரிக்க விறகிருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன். இன்னும் ஒருவரும் ‘ஓம், இருக்கு’ என்று சொல்லவில்லை.