அறுவடை லாட்ஜ்

பிள்ளைகளே, கடற்கரை ரோட்டில் பூட்டிக் கிடக்கிற அந்த மாடிக் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம் கேட்கிறீர்கள். போர்டில் வேறு பேர் இருக்க, பஸ் கண்டக்டர் ஏன் 'அறுவடை லாட்ஜ் எறங்கு' என்கிறார் என்று. கடலோரத்தில் ஏது அறுவடை? உங்கள் அம்மா அந்த ஸ்டாப்பில் மட்டும் இறங்க மாட்டாள், அதையும் கவனித்திருப்பீர்கள். நான் அதிகம் படித்தவன் இல்லை. தெரிந்ததைத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

அதைக் கட்டியவர் உள்பக்கத்து மிராசுதார் ஒருவர். நாகூர் கந்தூரிக்கும் தை அமாவாசை முழுக்குக்கும் வருகிற கூட்டம் அங்கேதான் தங்கும். எதிரே என் டீக்கடை. ஒட்டினாற்போல் பாய் வைத்திருந்த அல்வாக்கடை. அடுத்து, கப்பல் வரைந்த திரை தொங்கும் போட்டோ ஸ்டூடியோ. அப்போது ஷட்டர் ஏது, வரிசையாகச் சொருகுகிற பலகைகள்தான். தெருவில் யாராவது இறந்தால், பாடை கடக்கும் வரை எல்லாக் கடையிலும் இரண்டு பலகை போட்டு வைப்போம். எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்ப்பதில்லை. அது எங்கள் தெரு மரியாதை.

ஆட்சி மாறிய புதிது. கடைத்தெரு முழுக்கக் கறுப்பு சிவப்புக் கொடி. வயல் வரப்புகளில் முழுச் சிவப்பு. கூலி நெல்லை ஏற்றிக் கொடுத்தால்தான் அறுப்போம் என்று ஆட்கள் நின்றார்கள். வெளியூர் ஆளை இறக்குவோம் என்று மிராசுதார்கள் நின்றார்கள். அந்தத் தையில் லாட்ஜில் 'ரூம் இல்லை' என்று அட்டை தொங்கியது. யாத்திரைக்காரர் ஒருவரும் இல்லை. ஒரு லாரி வந்து, அரிவாளும் கையுமாக ஆட்களை இறக்கியது. கடலையே பார்த்ததில்லை போலும், கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் இன்னொரு லாரி. அதில் வந்தவர்கள் கையில் கம்பு. அவர்கள் கடலைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் உங்கள் பெரிய மாமா, அம்மாவின் அண்ணன், கடைக்கு வந்தார். அவரை நீங்கள் பார்த்ததில்லை. அவர் ஊர் வயலில்தான் மறுநாள் அறுப்பு. அங்கே கொடி பிடிக்கிறவரும் அவர்தான்.

டீ சொல்ல வந்த லாட்ஜ் காரியஸ்தர் அவரைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "என்னப்பா, நீ பொண்ணெடுத்த எடம் செவப்பு எடமாமே? மச்சானுக்கு நல்லா சக்கர போட்டுக் குடு."

"சக்கர இருக்கட்டுங்க. கூலியப் போட்டுக் குடுங்க, போதும்" என்று மாமா சிரித்தார்.

காரியஸ்தர் சிரிக்கவில்லை. "குடிச்சுட்டுப் போ" என்று மட்டும் சொன்னார்.

அவர் போனதும் நான் சொன்னேன்: "மச்சான், ரெண்டு நாளு இங்கயே இருங்க. கம்போட வந்துருக்கானுவ."

"நான் இங்க கடலப் பாத்துட்டு ஒக்காந்தா, அங்க கொடிய எவன் புடிப்பான் மாப்ள?"

உள்ளேயிருந்து வந்த உங்கள் அம்மா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, போவாத."

"ஒண்ணும் ஆவாது புள்ள. நாளைக்கி வந்து பாய் கடையில ஒனக்கு அல்வா வாங்கித் தர்றேன்." பஸ் ஏறிவிட்டார்.

விடிவதற்குள் லாரிகள் இரண்டும் புறப்பட்டுப் போயின. நான் கடை திறக்கும்போது பாய் இரண்டு பலகையைச் சொருகிக்கொண்டிருந்தார்.

"யாரு பாய்? எந்த வீட்டுல?"

"தெரியலப்பா. லாரியில ஏறுனவனுங்க மூஞ்சியப் பாத்தேன். இன்னைக்கு யாரோ ஒருத்தருக்கு."

ஸ்டூடியோக்காரரும் சொருகினார். நான் போடவில்லை. போட்டால் அது மாமாவுக்கென்று ஆகிவிடுமோ என்று கை வரவில்லை.

மதியம் லாரிகள் திரும்பின. கம்புக்காரர்கள் நேரே கடலில் இறங்கிக் கைகால் கழுவினார்கள். காரியஸ்தர் தெருவைத் தாண்டி வந்தார். "எவன் செத்தான்னு பலக போட்டுருக்கீங்க? எடுங்கய்யா." எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பஸ் வந்தது. கண்டக்டர் இறங்கி என் கடை முன்னால் வந்து, விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சேதி சொன்னார். கம்படி பட்டு வரப்பில் விழுந்த மாமா எழவில்லை.

அவர் ஊரிலேயே அடக்கம் செய்தார்கள். பாடை எங்கள் தெருவுக்கு வரவே இல்லை. லாட்ஜுக்கு இந்தப் பேரை யார் முதலில் வைத்தார்கள் என்று தெரியாது. ஒட்டிக்கொண்டது.

காரியம் முடிந்ததும் அம்மாவை அங்கேயே விட்டுவிட்டு நான் மட்டும் திரும்பினேன். விடிகாலை, தெருவில் வேறு கடை எதுவும் இன்னும் திறக்கவில்லை. என் கடைப் பலகைகளை எல்லாம் கழற்றினேன். பிறகு லாட்ஜைப் பார்த்த பக்கம் இரண்டைத் திரும்பச் சொருகிவிட்டு, அடுப்பைப் பற்ற வைத்தேன்.