கண்மாய்க்குக் கிடைத்த குரல்

தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து நான் ஓய்வு பெற்று எட்டு வருடமாகிறது. கணவர் இறந்து மூன்று வருடம். கோவில்பட்டி வீட்டில் நான் மட்டும்தான்.

கூட வேலை பார்த்தவளின் மகள், நாகலாபுரத்துப் பெண், ஒருநாள் வந்தாள். கார்ட்டூன் படம் எடுக்கிறாளாம். இனி என்ன இருக்கிறது என்று படுத்துக் கிடந்த எழுபது வயதுக் கிழவி ஒருத்தி, காணாமல் போன ஊர்க் கண்மாயைத் தேடி இரண்டு பேரப்பிள்ளைகளோடு கிளம்புகிற கதை. அந்தக் கிழவிக்கு நான் குரல் கொடுக்க வேண்டுமாம்.

"நீங்க நடிக்கவே வேண்டாம் பெரியம்மா. வீட்ல பேசுதாப்ல பேசினாப் போதும்."

தீப்பெட்டி குடோனாக இருந்த ஒரு மாடி அறையில் சுவரெங்கும் மெத்தை ஒட்டியிருந்தார்கள். கதவைச் சாத்தியதும் பஸ் சத்தம், காற்றுச் சத்தம் எல்லாம் அறுந்துபோயின. என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது.

கரிசல் புழுதியில் பிள்ளைகள் மறைந்துபோகிற காட்சி. "ஏலே பிள்ளைகளா, எங்கனலே இருக்கீய?" என்று கூப்பிட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் ஹெட்போனைக் கழற்றினாள். "உள்ள வேற யாரும் இருக்காவளா பெரியம்மா?"

"நான் மட்டுந்தாம்மா."

"ஆம்பளைக் குரல் ஒண்ணு கேக்குது."

போட்டுக் காட்டினாள். என் குரல் முடிந்ததும் சின்ன இடைவெளி. பிறகு, "ம்ம்."

என் கணவரின் குரல். நான் எது சொன்னாலும் பேப்பரிலிருந்து தலை நிமிராமல் அவர் தருகிற பதில்.

மறுபடி பேசினேன், மறுபடியும் கேட்டது. மூன்றாவது முறை அவளே உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்து, செல்போனில் என்னைப் படம் பிடித்தாள். முடிந்ததும் என் தோளைத் தொட்டாள்.

"பெரியம்மா, அது நீங்கதான்."

"நான் வாயே திறக்கலையே!"

செல்போனை நீட்டினாள். மூடிய உதடுகள். தொண்டை மட்டும் ஒருமுறை ஏறி இறங்குகிறது. அவர் குரல் வருகிறது.

அப்படியே எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். நல்ல மத்தியானம். அடுக்களையில் நின்று, தொண்டையில் கையை வைத்துக்கொண்டு, "பால் திரிஞ்சுபோச்சு" என்றேன். பேசி வாயை மூடிய பிறகும் விரலுக்கடியில் தொண்டை ஒருமுறை அசைந்தது.

மூன்று வருடமாக இப்படித்தானா? பக்கத்து வீட்டுக்காரி ஒருதடவை, "உள்ள யாரு வந்திருக்காவ?" என்று கேட்டதற்கு அவளிடம் சண்டை போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு அவள் என் வாசல் பக்கம் வரவேயில்லை. தனிமை என்று நான் ஒருநாளும் அழாததற்கும் இதுதான் காரணமோ என்னவோ.

நாலு நாள் யாரிடமும் பேசவில்லை, என்னிடமும்கூட. ஐந்தாம் நாள் அந்த அறைக்குப் போனேன்.

"அதை வெட்டிருவோமா பெரியம்மா?" என்றாள்.

"வேண்டாம். இருந்துட்டுப் போகட்டும்."

படத்தில் அதைக் கண்மாய்க்குக் கொடுத்துவிட்டாள். புழுதிக்குள் கிழவி கூப்பிடுகிறாள், மண்ணுக்கடியிலிருந்து, "ம்ம்." தியேட்டரில் அதுவரை கூச்சல் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் அடங்கிப்போனார்கள். என் முன்வரிசையில் ஒரு குழந்தை காலைத் தூக்கி சீட்டின்மேல் வைத்துக்கொண்டது. நான் பயப்படவில்லை. புது வேலைக்குச் சேர்ந்தவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் குரல் கொடுக்கப் போகிறேன். போன மாதம் ஒரு கிழட்டு நரிக்குப் பேசினேன். அடுத்து மழைக்குப் பேச வேண்டுமாம். மழை எப்படிம்மா பேசும் என்று கேட்டால், "நீங்க வாங்க பெரியம்மா, பாத்துக்கிடுவோம்" என்கிறாள்.