ராக்கம்மாவிடம் கேட்காத கேள்வி

நான் பொய் சொன்னேன். ஒரு தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேருக்குமாக, அவர்களில் ஒருத்தியையும் கேட்காமல், "சம்மதம்" என்று சொன்னவன் நான்.

இலங்கையில் கொடகவெலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மருந்துச்சாலையில் காயத்துக்குக் கட்டுப் போடும் வேலை எனக்கு. படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆனால் சிங்களம் தண்ணீராக வரும். அதனால்தான் அறுபத்தெட்டில், குடற்புழுவுக்குப் புதிய மருந்தொன்றைச் சோதிக்கக் கொழும்பிலிருந்து வந்த டாக்டர் என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்.

அவர் தெளிவாகவே சொன்னார். இது சோதனை மருந்து என்று ஒவ்வொருவருக்கும் சொல். வேண்டாம் என்பவரை விட்டுவிடு. பிள்ளை உண்டாகியிருக்கிறாளா என்று பெண்களைத் தனித்தனியே கேள். அப்படியென்றால் மருந்து கூடாது.

விடியற்காலைப் பெரட்டு. வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்தக் களத்தில் ஆண்களும் நிற்கிறார்கள். அத்தனை பேர் முன்னால் அதை எப்படிக் கேட்பது? கூசியது... தோட்டத்தில் எதையும் கேட்பது போல, இதையும் ஆட்களை மேய்க்கும் கங்காணி பெருமாளிடம் கேட்டேன்.

"அப்படி யாரும் இல்லடா. நம்ம ஆளுங்க வெசத்தக் குடுத்தாலும் குடிப்பாங்க, நீ ஊத்து" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

டாக்டரிடம் திரும்பி, எல்லோருக்கும் சம்மதம், கர்ப்பிணி யாருமில்லை என்றேன்.

"ஹரித?" என்றார்.

"ஹரி, மாத்தயா."

சரிதானா என்றார், சரி ஐயா என்றேன். சரியாம்! மௌனம் சம்மதம் என்பார்கள். அந்தப் பழமொழியைச் சொன்னவன் பெரட்டில் நின்றவனாய் இருக்கமாட்டான்.

அன்று வரிசையில் நின்று மருந்து குடித்தவர்களில் ஒருத்தி ராக்கம்மா, கொழுந்து பறிப்பவள். சில நாளில் அவளை மலையிலிருந்து கொழுந்துச் சாக்கில் கிடத்தித் தூக்கிவந்தார்கள். நாலு மாதக் கரு கலைந்திருந்தது. மருந்தாலா? இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியிருந்தது. டாக்டர் மறுமுறை வந்து, யாருக்காவது கோளாறா என்று கேட்டார். இல்லை என்றேன்...

அதைவிடக் கேவலம், அன்று நான் அவளையே அதட்டியது.

"முன்னாலேயே சொல்லக்கூடாதா புள்ள?"

"யாருண்ணே கேட்டா?"

பிறகு இரத்தினபுரி நூலகத்தில் தட்டுத்தடுமாறி வாசித்தேன். போர்க்காலத்தில் கைதிகளின் உடம்பில் சோதனை செய்த ஜெர்மன் டாக்டர்களை விசாரித்த நீதிமன்றம், முதல் விதியாக இதைத்தான் எழுதியதாம்: அவரவர் சம்மதமின்றித் தொடாதே. அறுபத்துநான்கில் ஹெல்சிங்கியில் உலக டாக்டர்கள் கூடித் தங்களுக்கென்றும் விதிகள் எழுதிக்கொண்டார்களாம். எங்கள் பெரட்டுக்கு நாலு வருடம் முன்னால்!

எனக்குப் பற்றி எரிந்தது. இவ்வளவு பெரிய விதியை எழுதினீர்களே, அது கடைசியில் என்னைப் போன்றவன் வாயில் வந்து நிற்கும் என்று நினைத்தீர்களா? ஒருத்தியும் வாய் திறக்காததைப் பார்த்துக்கொண்டே நின்ற டாக்டருக்கு, என் ஒரு 'ஹரி' போதுமா? கங்காணிக்கு என்ன, அவர் உடம்பா போகிறது? ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே...

ஆனாலும் விரலை என் பக்கமே நீட்டுங்கள். அந்த விதி கடல் தாண்டி, மலையேறி, பெரட்டுக்களம்வரை வந்துவிட்டது. என் நாக்கில்தான் செத்தது.

எழுபதுகளில், இரு நாட்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தப்படி, ராக்கம்மாவின் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறப் புறப்பட்டது. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் லயம் லயமாக விடைசொல்லி வந்தவள் மருந்துச்சாலை வாசலிலும் நின்றாள்.

"போயிட்டு வாறேண்ணே. நான் ஏதாச்சும் தப்பாப் பேசியிருந்தா மன்னிச்சுக்கங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம்...

"சரி புள்ள" என்றேன். நான் அவளை மன்னித்து அனுப்பினேன்.