அக்காவின் திருட்டு சாம்பிள்

எங்கள் ரத்தப் பரிசோதனை லேபில் ரத்தம் எடுக்கும் அக்காவுக்கு 'தலையங்கம்' என்று பட்டப்பெயர். வைத்தது நான்தான். காலை ஏழு மணிக்கு உள்ளே நுழைந்து கைப்பையை ஆணியில் மாட்டுவதற்குள் அன்றைய செய்தி ஒன்றைப் பிடித்து அலசிக் காயப்போட்டுவிடுவாள்.

"இதைக் கேளுடி. நாம எவ்வளவு நேரம் தூங்கினோம்னு கைக்கடிகாரம் சொல்லுதாம். தூங்கினேனா இல்லையான்னு எனக்குத் தெரியாதா? நல்லாத் தூங்கி எழுந்தவன் அதைப் பார்த்துட்டு, ஐயோ சரியாத் தூங்கலையேன்னு கவலைப்படுவான். அப்புறம் நிஜமாவே தூக்கம் போயிடும்."

மறுநாள் காப்பி. "போன மாசம் இதயத்துக்கு நல்லதுன்னு எழுதினான். இன்னிக்குக் கெடுதல்ங்கிறான். காப்பி அப்படியேதான் இருக்கு. எழுதினவனை வரச் சொல்லு, ஒரு டியூப் ரத்தம் எடுத்துப் பார்த்துடறேன்."

நான் முன்மேஜையில் டோக்கன் கொடுப்பவள். அக்கா பேசும்போது "ம்" என்பேன். இல்லாவிட்டால் "ஆமாக்கா". ரொம்ப நீண்டுபோனால் "அதானே". இந்த மூன்று வார்த்தைகளை வைத்துக்கொண்டே ஒன்பது வருஷம் ஓட்டியிருக்கிறேன். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

அக்காவுக்கு ஐம்பத்தேழு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது வாயைக் கொடுத்தால், "பொண்ணு பார்க்க வந்தவன் எல்லாம் நான் பேசினதுக்குத் தலையாட்டிட்டுப் போனான். எதிர்த்துப் பேச ஒருத்தனுக்கும் துப்பில்ல" என்பாள். மூன்றாம் மாடியில் ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. நான் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். சாப்பாட்டு மேஜைக்கு இரண்டு நாற்காலி. இரண்டாவது நாற்காலியில் படித்து முடித்த செய்தித்தாள்கள் ஓர் ஆள் உட்கார்ந்த மாதிரி அடுக்கியிருந்தன. எனக்காக அவற்றை எடுத்துத் தரையில் வைத்தாள். நான் கிளம்பி மாடிப்படியில் திரும்பிப் பார்த்தபோது, கதவைக்கூடச் சாத்தாமல் குனிந்து எல்லாவற்றையும் மறுபடி நாற்காலியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு என்னவோ போல் இருந்தது. ஆனாலும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிவிட்டேன்.

அவளை எதிர்த்துப் பேச உலகத்தில் ஒரே ஓர் ஆள் இருந்தான். அவள் தம்பி. மூன்று வயது இளையவன். சின்ன வயதில் செய்தித்தாளை நடுவில் பிரித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டு, சாப்பிட்டு முடிக்கும்வரை சண்டை போடுவார்களாம். புதிதாக எது வந்தாலும் அவன் அதன் கட்சி. அக்கா எதிர்க்கட்சி. "நிலாவுல வீடு கட்டப் போறாங்க" என்பான். "முதல்ல நம்ம தெருவிளக்கை எரிய வைக்கட்டும்" என்பாள் இவள்.

தம்பி வேலை பார்ப்பது ரயிலில் நாலு மணி நேரம் தள்ளி இருக்கும் ஒரு தொழிற்சாலையில். தகடுகளை அடித்து கார் கதவு செய்யும் பெரிய பெரிய பிரஸ்களுக்குப் பக்கத்தில் முப்பது வருஷம். இப்போது அங்கே ஃபோர்மேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவன் மனைவி இறந்துபோனாள். பிள்ளைகள் இல்லை. "தனியா உட்கார்ந்தா பாதிச் சாப்பாட்டுல எழுந்துடுவான்" என்று அக்கா தினமும் காலையில் அவன் சாப்பிடும் நேரம் பார்த்து போன் போட ஆரம்பித்தாள். முதல் மூன்று வாரம் அவன் வாயே திறக்கவில்லை. ஒருநாள் டிரைவர் இல்லாமல் ஓடும் பஸ்ஸைப் பற்றி அக்கா கன்னாபின்னாவென்று பேசப்போக, அவன் சீறிவிட்டான். அன்றைக்கு லேபுக்குள் நுழைந்தவளின் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "சண்டை போட்டான்டி. இனிமே பிழைச்சுக்குவான்" என்றாள்.

போன வருஷக் கடைசியில்தான் ஏதோ மாறியது. போனில் இவள் ஒன்று சொன்னால் அவன் "என்ன, என்ன?" என்பான். சம்பந்தமில்லாமல் வேறொன்று பேசுவான். "நான் பேசறதைக் காதுலயே போட்டுக்க மாட்டேங்கிறான்" என்று அக்கா ஒருநாள் பட்டென்று போனை வைத்தாள். அதற்குப் பிறகு அவன் போனை எடுப்பதில்லை. 'வேலையா இருக்கேன். பேசி அனுப்பு அக்கா' என்று எழுதி அனுப்பினான்.

சரி என்று அக்கா காலையில் பஸ்ஸில் வரும்போது, கம்பியைப் பிடித்தபடி மூன்று நிமிஷம் பேசிப் பதிந்து அனுப்புவாள். இறங்குவதற்குள் எழுத்தில் பதில் வந்துவிடும். 'சரியாச் சொன்னே அக்கா.' 'அருமையான கருத்து.' 'யோசிக்க வேண்டிய விஷயம்.'

"ஒத்துக்கிறான்டி" என்றாள் ஒருநாள். சந்தோஷமான குரல் இல்லை அது.

"வயசாயிடுச்சில்ல. பக்குவம் வந்திருக்கும்" என்றேன் நான், ரசீதில் முத்திரை குத்திக்கொண்டே.

"நாப்பது வருஷமா வராத பக்குவமா?"

எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு. மாதம் ஒரு தடவை, நோயாளிகளின் டியூப்களுக்கு நடுவே ஒரு பொய் டியூப் போகும். இல்லாத ஆளின் பெயரை ஒட்டி, முடிவு முன்கூட்டியே தெரிந்த ரத்தத்தை அதில் வைத்திருப்பார்கள். பரிசோதிப்பவர் உண்மையிலேயே கண்ணால் பார்த்து எழுதுகிறாரா, இல்லை நேற்றைய எண்ணையே இன்றைக்கும் எழுதித் தள்ளுகிறாரா என்று அதில் தெரிந்துவிடும். திருட்டு சாம்பிள் என்போம். அதைத் தயார் செய்து நுழைப்பது சீனியரான அக்காவின் வேலை. அவளிடம் மாட்டாதவர்கள் குறைவு.

தம்பிக்கும் ஒன்று நுழைத்தாள்.

திங்கட்கிழமை, தூக்கம் அளக்கும் கடிகாரத்தை ஆஹா ஓஹோ என்று புகழ்ந்து அனுப்பினாள். அவள் வாயில் அந்தப் புகழ்ச்சியைக் கேட்டால் அவன் மயங்கி விழுந்திருக்க வேண்டும். 'சரியாச் சொன்னே அக்கா' என்று வந்தது. செவ்வாய்க்கிழமை, "போன்ல அதிகம் பேசினா தலையில முடி வளரும்னு கண்டுபிடிச்சிருக்காங்க. உன் வழுக்கைக்கு நல்லதுடா" என்றாள். 'பயனுள்ள தகவல். நன்றி.' நான் மேஜையில் கவிழ்ந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை பஸ்ஸில் நின்றுகொண்டு, சாதாரணமாகச் செய்தி சொல்லும் குரலிலேயே பேசியிருக்கிறாள். "தம்பி, நேத்து சாயங்காலம் நான் செத்துப்போயிட்டேன். பக்கத்து வீட்டுக்காரங்க இன்னும் பார்க்கலை. நாளைக்குப் பார்ப்பாங்கன்னு நினைக்கிறேன்."

பதிலை என்னிடம் காட்டினாள். 'அருமையான கருத்து அக்கா.' பக்கத்தில் ஒரு கட்டைவிரல் படம்.

"மெஷின் பதில் சொல்லுதுடி. பதிலை அதுவே தயாரா வச்சிருக்குமாம், தொட்டாப் போதுமாம். அவனுக்கு என் குரலைக் கேட்கக்கூட நேரமில்ல" என்றாள்.

எனக்கு 'அதானே' வாய்வரைக்கும் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஒன்பது வருஷமாக நானும் அந்த மெஷின் செய்ததைத்தானே செய்துகொண்டிருந்தேன்? கட்டைவிரல் ஒன்றுதான் காட்டவில்லை.

அதற்குப் பிறகு அவள் தம்பிக்கு எதுவும் அனுப்பவில்லை. எங்களிடமும் பேச்சு நின்றுபோனது. ஏழு மணிக்கு வருவாள், பையை மாட்டுவாள், கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ரத்தம் சுழற்றும் யந்திரத்துக்கு இவ்வளவு சத்தம் உண்டு என்பது எனக்கு அந்த நாட்களில்தான் தெரிந்தது. மனசு கேட்காமல் ஒருநாள் நானே செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டு போனேன். "அக்கா, கடலுக்கு அடியில கண்ணே இல்லாத மீன் ஒண்ணு இருக்காமே?"

"ம்" என்றாள், மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையெடுக்காமல். என் வார்த்தையை எனக்கே திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது. நன்றாகச் சுட்டது.

பதினோராவது நாள் காலை லேபில் நல்ல கூட்டம். தோளில் சின்னப் பயணப்பையோடு ஒரு வழுக்கைத் தலைக்காரர் வந்து, உள்ளறைக் கதவையே பார்த்தபடி "அக்கா..." என்றார். இங்கே வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள் அக்காதான். "கூப்பிடுவாங்க, உட்காருங்க" என்று முப்பத்து நாலாம் டோக்கனைக் கையில் திணித்தேன். அவர் டோக்கனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மற்றவர்களைப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

"முப்பத்து நாலு" என்று உள்ளேயிருந்து அக்கா கூப்பிட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. "முப்பத்து நாலு!" அதற்கும் இல்லை. மூன்றாவது தடவை கத்திவிட்டு, மூக்குமேல் கோபத்தோடு வெளியே வந்தாள். "டோக்கனை வாங்கி வச்சுக்கிட்டு என்னதான்..."

பாதியில் நின்றுவிட்டாள். அந்த வழுக்கையின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய்" என்றாள் மெதுவாக. அவர் திரும்பவில்லை.

அக்கா அவருக்கு நேர் பின்னால் போய் நின்றாள். எல்லோருக்கும் கேட்கும்படி, "புது மெஷின் கண்டுபிடிக்கிறவன் எல்லாம் வடிகட்டின முட்டாள்" என்றாள். அறையே அவளைத் திரும்பிப் பார்த்தது. அவர் மட்டும் எதிர்ச்சுவரில் 'சத்தம் போடாதீர்கள்' என்ற பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எந்த சாம்பிளையும் ஒரே தடவை பார்த்துவிட்டு முடிவு எழுதமாட்டாள். வலது காதுப் பக்கம் குனிந்து அதையே சொன்னாள். அசைவில்லை. இடது காதுப் பக்கம் சொன்னபோது, கொசு வந்த மாதிரி லேசாகத் தலையைச் சாய்த்தார். அவ்வளவுதான்.

அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். அவளைப் பார்த்ததும் அவர் துள்ளி எழுந்து, கூரை அதிரக் கத்தினார்.

"பத்து நாளா ஏன் பேசலை? செத்துகித்துப் போயிட்டியோன்னு ஓடி வர்றேன்!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அக்கா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் காதைத் தொட்டுக் காட்டி, "எப்போலேர்ந்துடா?" என்று உதட்டை நன்றாக அசைத்துக் கேட்டாள்.

"எட்டு மாசம். வலது சுத்தமா இல்ல. இடதுல ஏதோ கொஞ்சம்." ரகசியம் சொல்வதாகத்தான் அவருக்கு நினைப்பு. லேப் முழுக்கக் கேட்டது. "காது கேட்காதவனை பிரஸ் பக்கத்துல விடமாட்டாங்கக்கா. ரிட்டயர் ஆக இன்னும் நாலு வருஷம் இருக்கு. உன்கிட்ட சொன்னா நீ ஊரையே கூட்டிடுவே. நீ பேசறதை போன் எழுத்தா மாத்தித் தரும். பஸ் இரைச்சல்ல பாதி வராது, மீதி உளறலா வரும். நீ என்ன சொன்னேன்னே தெரியாம நான் எதை எதிர்த்துப் பேசறது? அதான் ஒத்துக்கிட்டேன்."

அக்கா நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டாள்.

"காலையில சாப்பிடறப்போ நீ பேசி அனுப்பினதை போன்ல ஓடவிட்டு இந்தக் கைக்குள்ள வச்சுப்பேன். காதுக்குத் தெரியாது. கையில லேசா அதிரும். நீ பேசறேன்னு தெரியும். நீ முடிக்கிறதுக்குள்ள நானும் சாப்பிட்டு முடிச்சுடுவேன்." கையை விரித்துப் பார்த்தார். "பத்து நாளா தட்டை வச்சுக்கிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கேன்."

அக்கா எழுந்து என் மேஜைக்கு வந்தாள். பேனாவையும் பரிசோதனைச் சீட்டுக் கட்டையும் எடுத்தாள். ஒரு சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். நான் கழுத்தை நீட்டிப் படித்தேன். 'சத்தம் கேட்காம அந்த பிரஸ் பக்கத்துல இனிமே நிற்காதே. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்கு யாரும் இல்லை.' அவர் படித்தார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தலை நிமிரவில்லை.

அக்கா அந்தச் சட்டைப்பையைப் பார்த்தாள். பிறகு இன்னொரு சீட்டை எடுத்து, நிதானமாக, கொட்டை எழுத்தில் எழுதினாள். 'காதுல வைக்கிற மெஷின் எல்லாம் சுத்த ஏமாத்து வேலை. அதை வச்சு எவனுக்கும் ஒரு எழவும் கேட்காது.'

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு, இன்னொரு தடவை படித்தார். காதுமடல் சிவந்தது.

"தப்பு!" என்று கத்தினார். வரிசையில் இருந்த ஒரு குழந்தை பயந்து அழ ஆரம்பித்தது. "முழுக்கத் தப்பு! உனக்கு என்ன தெரியும் அதைப் பத்தி? இப்போ வர்றதெல்லாம் விரல்நுனி அளவுதான் இருக்கு, தெரியுமா? எங்க ஃபேக்டரியில ஒருத்தன் அம்மாவுக்கு வச்சு, அந்தம்மா பக்கத்து வீட்டுச் சண்டை வரைக்கும் கேட்கறாங்க! படிக்காம கொள்ளாம வாய்க்கு வந்ததைப் பேசக்கூடாது! எப்பவும் இதே வேலை உனக்கு!"

முப்பத்தைந்தாம் டோக்கன்காரர் எழுந்து நின்று என்னை முறைத்தார். நான் அவரைக் கையமர்த்தினேன். அக்கா மூன்றாவது சீட்டைக் கிழித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கையுறை போட்டிருந்ததால் துடைக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"ஒத்துக்க மாட்டேங்கிறான்டி" என்றாள்.