அம்மாவின் தோளுக்கு வந்த பெல்ட்

அம்மா குள்ளம். நாலடி எட்டங்குலம் இருப்பாள். பதினோரு வயதிலேயே நான் அவள் உயரத்துக்கு வந்துவிட்டேன். அதனால்தான் இந்த பெல்ட் விஷயத்தில் எனக்கு வேலை வந்தது.

தலத்தெருவில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதில் அப்பா காருக்கு சீட் கவர் தைப்பார். கொட்டகைக்கு வர முடியாத வண்டி என்றால் அப்பாவே போவார். மெஷின், ரெக்சின் சுருள், ஸ்பான்ஜ் எல்லாவற்றையும் எங்கள் பழைய வேனில் ஏற்றிக்கொண்டு நிரவி, திருநள்ளாறு, நாகூர் என்று போய்ப் பொருத்திவிட்டு வருவார்.

அந்த வருஷம் அவர் கண் கெட்டது. கிட்டத்தில் இருப்பது தெரியும். தூரத்தில் எல்லாம் புகை. புதுச்சேரிக்குப் போய்க் காட்டினோம். தைக்கலாம், வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிரைவர் வைக்க எங்களுக்கு வசதி இல்லை. வேன் நின்றால் பாதிப் பிழைப்பு நின்றுவிடும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா, “நான் ஓட்டுறேங்க” என்றாள். மறுநாள் அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு போய் எல்.எல்.ஆர். போட்டுக்கொண்டு வந்தார்.

பக்கத்துத் தெருவில் சித்தப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். சரக்கு ஏற்ற எங்கள் வேன் கிடைத்தால் தேவலை என்று அவருக்கு நெடுநாள் ஆசை. அம்மா வண்டி பழகுகிறாள் என்று கேள்விப்பட்டதும் வந்துவிட்டார்.

“அண்ணி, பேசாம வேனை எங்கிட்ட குடுத்துட்டு ஒரு மூணு சக்கர சைக்கிள் வாங்கிக்குங்க. காலாவது எட்டும்.”

“கால் எட்டுறதுக்கு உங்க அண்ணன் மெத்தை தச்சிட்டாரு தம்பி. நீங்க போயி கடையப் பாருங்க.”

உண்மைதான். உட்கார ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று அப்பா இரண்டு மெத்தை தைத்திருந்தார். ஒரு டிரைவிங் ஸ்கூல்காரர் காலையில் வந்து கோவில்பத்து வரைக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். மூன்று மாதத்தில் அம்மா நன்றாக ஓட்டினாள்.

ஒன்றைத்தான் எல்லோரும் மறந்துவிட்டோம். அப்போது எங்கள் ஆட்கள் யாரும் ஊருக்குள் பெல்ட் போடமாட்டார்கள். எங்கள் ஊர் புதுச்சேரி மாநிலம்; தெற்கே வாஞ்சூர் தாண்டினால் தமிழ்நாடு, அங்கே போலீஸ் பிடிக்கும். அந்த இடம் வந்ததும் பெல்ட்டை இழுத்து மாட்டுவார்கள். திரும்பி வரும்போது அதே இடத்தில் கழற்றுவார்கள். பெல்ட் என்பது பக்கத்து ஊருக்குப் போகும்போது போட்டுக்கொள்ளும் சட்டை மாதிரி. அம்மா வாஞ்சூர் வரைக்கும் ஓட்டவே இல்லை. அதனால் மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட அவள் பெல்ட் போட்டதில்லை.

முதல் டெஸ்ட்டில் பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, “பெல்ட் போடுங்கம்மா” என்றார். போட்டாள். தோளில் கிடக்க வேண்டிய பெல்ட் அவள் கழுத்தில் ஏறிக்கொண்டது. தாலிச் சங்கிலியும் பெல்ட்டும் சேர்ந்து கழுத்தை அறுத்தன. இடது கையால் பெல்ட்டைப் பிடித்து இறக்கினாள். கியர் போட அந்தக் கை வேண்டும். கையை எடுத்தால் பெல்ட் மறுபடி கழுத்துக்கு வந்தது. வண்டி இரண்டு தரம் நின்றுபோனது. பெயில்.

இரண்டாவது டெஸ்ட்டுக்குச் சித்தப்பா யோசனை சொன்னார். பெல்ட் உள்ளே இழுத்துக்கொள்ளாதபடி மேலே இரண்டு துணிக் கிளிப் போடச் சொன்னார். பெல்ட் மாலை மாதிரி தொங்கியது. கழுத்துக்குச் சுகம். இன்ஸ்பெக்டர் பெல்ட்டுக்கும் அம்மாவுக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தார்.

“ஏம்மா, இதுக்குள்ள நானும் உக்காரலாம் போலருக்கே.”

அன்று வண்டியை எடுக்கவே அவர் விடவில்லை. அதுவும் பெயில்.

எல்.எல்.ஆர். கெடு முடிய இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அப்பா சித்தப்பாவிடம், “இந்த தடவையும் ஆவலன்னா நீ வேனை எடுத்துக்க” என்று சொல்லிவிட்டார். அம்மா அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடியும் களைந்தாள். மறுபடியும். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பா பெல்ட்டுக்கு ஸ்பான்ஜ் வைத்து ஒரு உறை தைத்தார். கழுத்து அறுக்கவில்லை. ஆனால் கழுத்துத் திரும்பவும் இல்லை. வலப் பக்கக் கண்ணாடியைப் பார்க்க அம்மா உடம்போடு திரும்ப வேண்டியிருந்தது. உறையைக் கழற்றி மூலையில் போட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடம் கிளம்பினேன். தண்ணீர் பாட்டிலைக் குறுக்கே மாட்டினேன். அதன் வாரும் என் கழுத்தை அறுக்கும். அதனால் தினமும் வாரை யூனிபார்ம் பெல்ட்டுக்குள் செருகிக்கொள்வேன். கீழே பிடித்துக்கொண்டால் மேலே ஏறாது. எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் செய்யும். அன்றைக்குச் செருகும்போது கை நின்றுவிட்டது. கொட்டகைக்கு ஓடினேன்.

“அப்பா, மேல பிடிக்கக் கூடாதுப்பா. கீழ பிடிக்கணும்.”

அப்பாவுக்குப் புரியவில்லை. பாட்டிலைக் காட்டினேன். வாரைச் செருகினேன், எடுத்தேன், செருகினேன். அப்பா முகத்தைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். பாட்டிலைத் தொட்டார். யூனிபார்ம் பெல்ட்டைத் தொட்டார்.

“பள்ளிக்கூடம் போவாத” என்றார். அப்பா அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

வேனில் டிரைவர் சீட்டில் என்னை உட்காரவைத்தார். நானும் அம்மா உயரம்தானே. பெல்ட்டை மாட்டி என் மேல் சாக்பீஸால் கோடு போட்டார். ஒரு சாண் ரெக்சினை இரண்டாக மடித்து, உள்ளே கான்வாஸ் வைத்து, இரண்டு முனையிலும் பிரஸ் பட்டன் அடித்தார். தோளிலிருந்து வரும் பெல்ட்டையும் மடிமேல் போகும் பெல்ட்டையும் அந்தத் துண்டு சேர்த்துப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் சாமான்.

முதல் துண்டு குட்டை. மடியில் கிடந்த பெல்ட்டை வயிற்றுக்குத் தூக்கிவிட்டது. “அது இடுப்பெலும்புலதான் கெடக்கணும்” என்று அப்பா பிரித்தார். இரண்டாவது நீளம். பிடிக்கவே இல்லை. மூன்றாவதில் பட்டன் தெறித்தது. நாலாவதைப் போட்டதும் பெல்ட் கழுத்தை விட்டு இறங்கித் தோளில் உட்கார்ந்தது. நான் தலையை இடதும் வலதும் திருப்பினேன். எதுவும் உரசவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தோம். அவளும் திருப்பிப் பார்த்தாள்.

“நல்லாருக்கு” என்றாள்.

மூன்றாவது டெஸ்ட்டுக்கு நானும் போனேன். அப்பா டெஸ்ட் மைதானத்தின் வேலிப் பக்கம் நின்றார். நான் வேனின் பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். இறங்கு என்று யாரும் சொல்லவில்லை. அம்மா சிலுவை போட்டாள், பெல்ட் போட்டாள், துண்டை மாட்டினாள். இன்ஸ்பெக்டர் குனிந்தார்.

“இது என்னம்மா புதுசா?”

அம்மா துண்டின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“நான் கண்டுபுடிச்சது சார். எங்கப்பா தச்சாங்க” என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு பெல்ட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். பெல்ட் இறுகி நின்றது. இன்னும் பலமாக இழுத்தார். அம்மா ஆடினாள், பட்டன் அசையவில்லை. மடிமேல் இருந்த பெல்ட் எங்கே கிடக்கிறது என்று விரலால் காட்டச் சொன்னார். அம்மா இடுப்பெலும்பைக் காட்டினாள்.

“சரி, எடுங்க வண்டிய.”

எடுத்தாள். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். கியர் போடும்போது மட்டும் இடது கை இறங்கிற்று. மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் கிளப்பினாள். ரிவர்ஸில் இரண்டு கம்புக்கு நடுவில் விட்டாள். கம்பு ஆடவில்லை. இன்ஸ்பெக்டர் இறங்கித் தாளில் எழுதினார்.

“பாஸும்மா. கழுத்து வலிக்கலல்ல?”

“இல்லிங்க சார்.”

நான் போட்ட கூச்சலில் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். அதில் புர்கா போட்ட ஓர் அம்மா, எங்கள் அம்மாவைவிட இரண்டு விரல்தான் உயரம், கிட்டே வந்தார்.

“தங்கச்சி, அது எந்தக் கடையில வாங்குனீங்க? எனக்கும் கழுத்துலதான் ஏறுது. வீட்டுக்காரவங்க குவைத்துல இருக்காங்க, வண்டி சும்மா நிக்கிது.”

“கடையில இல்லிங்க. என் மவ யோசன.”

அம்மா என்னைப் பற்றி வெளி ஆளிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த அம்மாவுக்கு அப்பா தைத்துக் கொடுத்தார். அவர் சொல்லி இன்னும் நாலு பேர் வந்தார்கள். நான் எட்டாவதோடு நின்று மெஷினில் உட்கார்ந்ததிலிருந்து இன்றுவரைக்கும் அந்தத் துண்டை நான்தான் தைக்கிறேன். ஆளை உட்காரவைத்து அளவு எடுக்காமல் தைப்பதில்லை.

அன்று வீட்டுக்கு அம்மாதான் ஓட்டிக்கொண்டு வந்தாள். அப்பா பக்கத்தில், நான் பின்னால். சித்தப்பா கடை வந்ததும், “அடிம்மா, ஹாரன் அடி” என்றேன். அடித்தாள். மூன்று தரம். சித்தப்பா தராசை விட்டுவிட்டு வெளியே வந்தார்.

“அண்ணி, அடுத்த வாரம் வேளாங்கண்ணிக்கு எங்களையும் ஏத்திக்கிட்டுப் போங்க.”

“வாஞ்சூர்ல பெல்ட் போடணும் தம்பி. சம்மதம்னா வாங்க” என்றாள். அப்பா சத்தமாகச் சிரித்தார்.

எங்கள் தெரு முனையில் திரும்பும்போது எதிரே பஸ் வந்தது. பெரிய பஸ், நேர் எதிரே, பத்தடியில். அம்மா சட்டென்று பிரேக் போட்டாள். பஸ் ஒதுங்கிப் போனது.

“என்னது, லாரியா?” என்று அப்பா கேட்டார்.

“பஸ்ஸுங்க.” அம்மா அப்பா முகத்தையே பார்த்தாள்.

“ஓ.”

பெல்ட் இறுகி அம்மாவைப் பிடித்திருந்தது. துண்டு அசையவில்லை. அதைத்தான் நான் பார்த்தேன்.

வாசலில் வேனை நிறுத்தினாள். நான் குதித்து இறங்கி, பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவர் வெளியே வந்தார். திரும்பிப் பார்த்தால் அம்மா இன்னும் இறங்கவில்லை. என்ஜின் அணைந்திருந்தது. பெல்ட் போட்டபடியே இருந்தாள். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். அப்பா சுற்றி வந்து அவள் பக்கத்துக் கதவில் கை வைத்து நின்றார்.

“அம்மா, வாம்மா.”

“நீ போ. வர்றேன்.”

நெடுநேரம் வரவில்லை. நான் பக்கத்து வீட்டு அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன்.

“பாத்தீங்களாக்கா? அவ்ளோ சொகமா இருக்கு. எங்கம்மாவுக்கு பெல்ட்ட கழட்டவே மனசு வரல.”