முன்கூட்டிச் சொன்ன ஸ்தோத்திரம்

கோகிலவாணிக்குச் சர்ச்சில் பெயர் எஸ்தர். ஞானஸ்நானத்தில் வைத்த அந்தப் பெயரை உபதேசியார் ஜீவா ஒருவர்தான் கூப்பிடுவார். அவரும் இரண்டாம் முறை கூப்பிட்டால்தான் இவள் திரும்பிப் பார்ப்பாள். வெள்ளிமலைக்கும் மேலே ஒரு சின்ன ஊரில் பிறந்தவள். கரும்பு வெட்ட அப்பாவோடு மூங்கில்துறைப்பட்டுக்கு இறங்கி வந்தவள், அதே கூட்டத்தில் வெட்டிக்கொண்டிருந்த வீரமணியைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். என் வீட்டுக்கு அடுத்த வீடு. அவள் தன் வீட்டுக்குள் கோழியை அதட்டினால் என் வீட்டுக் கோழியும் சேர்ந்து ஓடும், அப்படி ஒரு குரல்.

வீரமணிக்குச் சாமி விஷயத்தில் பெரிய அக்கறை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அவளை வண்டியில் கொண்டுவந்து சர்ச் வாசலில் இறக்கிவிட்டு, எதிரே வேப்பமரத்தடியில் பீடியோடு உட்கார்ந்துவிடுவான். உள்ளே வரச் சொன்னால், "நீ உள்ளதான இருக்கற, எனக்கும் சேத்துச் சொல்லிட்டு வா" என்பான். அவளும் சேர்த்தேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் வெட்டு மும்முரமாக இருந்த சமயம், வெட்டிய கரும்பை வாரிக் கட்டுவதற்காகக் காய்ந்த தோகைச் சோகைக்குள் கையை விட்ட வீரமணியைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. பக்கத்து ஊரில் மந்திரிப்பவர் இருக்கிறார், அங்கே கொண்டுபோகலாம் என்று கூட்டத்தில் நாலு பேர் சொன்னார்கள்.

"அவரையே பாம்பு கடிச்சா எங்க போவாரு? ஆஸ்பத்திரிக்குத்தான? நகருங்க!" என்று கத்தினாள் கோகிலவாணி.

விஷயம் தெரிந்து ஓடிப்போன நான், அறிவில்லாமல், "ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணிட்டுப் போயேன்டி" என்றேன்.

"வண்டியில போய்க்கினே பண்றேன்க்கா" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தில் ஒருவன் பைக்கை எடுக்க, புருஷனை நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஏறி அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வண்டி கள்ளக்குறிச்சிக்குப் பறந்தது.

ஊசி போட்டார்கள், உயிர் தங்கிவிட்டது. நாங்கள் எல்லோரும் மூச்சு விட்டோம். கஷ்டம் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. விஷம் சிறுநீரகத்தில் இறங்கிவிட்டது. ஒரு சொட்டு சிறுநீர் வெளியே வரவில்லை. முகம் ஊதி, கால் ஊதி, வீரமணியா என்று சந்தேகப்படும்படி கிடந்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். டாக்டரம்மா ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார்: சிலருக்குச் சில வாரங்களில் சிறுநீர் தானாகத் திரும்ப ஆரம்பித்துவிடும், சிலருக்குத் திரும்பாது, திரும்பாவிட்டால் ஆயுசு முழுக்க இந்த மிஷின்தான். ஆயுசு எவ்வளவு என்று கோகிலவாணியும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவள் ஜெபம் ஒரே வரியாகச் சுருங்கிவிட்டது.

நான் பார்க்கப் போயிருந்தபோது கட்டிலுக்கு அடியில் தொங்கிய, சிறுநீர் பிடிக்கும் காலிப் பையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடாமலே, மெல்லப் பேசவும் தெரியாமல், "ஆண்டவரே, இவருக்கு ஒண்ணுக்கு வரணும்" என்றாள். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். எனக்கே கூச்சமாக இருந்தது.

"கொஞ்சம் மரியாதையா கேக்கக் கூடாதாடி?"

"வேற எப்பிடிக்கா கேக்கறது? அவருதான சிறுநீரகத்தையே படைச்சாரு, அவருக்குத் தெரியாததா? சுத்தி வளைச்சா நேரந்தான் வீணு."

ஆனால் அவளும் மனுஷிதானே. தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். வீரமணி நாக்கு வறண்டு, "ஒரு மொணறு இளநி குடும்மே, நம்ம மரத்துல விட்டிருக்கும், தித்திப்பாத்தான் இருக்கும்" என்று குழந்தை போலக் கெஞ்சினான். இளநீர் மட்டும் ஆகவே ஆகாது என்பது உத்தரவு. அவன் கையால் வைத்து வளர்த்த மரம், முதல் முறையாகக் குலை தள்ளியிருந்தது. அவள் எழுந்து வராந்தாவுக்கு ஓடினாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கேக்குதா இல்லியா உனக்கு? இன்னா பண்ணிக்கினு இருக்கற?" என்று அழுதாள். ஆண்டவரைத்தான் கேட்டாள். நான் தடுக்கவில்லை. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, கேட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்த "சரி"யில் இருந்த உறுதி எனக்கு இன்றுவரை வாய்த்ததில்லை.

அப்படியே அறுப்பின் பண்டிகை வந்தது. எங்கள் சர்ச்சில் அன்றைக்கு அவரவர் நிலத்திலும் வீட்டிலும் முதலில் விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்போம். பூசணி, கரும்புக்கட்டு, கேழ்வரகு, சேவல்கூட வரும். வைக்கும்போது எதற்காக இந்த ஸ்தோத்திரக் காணிக்கை என்று உபதேசியார் காதில் சொல்ல வேண்டும். அவர் அதைச் சபைக்கு எடுத்துச் சொல்வார், நாங்கள் எல்லோரும் சேர்ந்து "ஸ்தோத்திரம்" என்போம். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவோம்.

கோகிலவாணி தன் தங்கையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். தோளில் அந்த இளநீர்க் குலை. உபதேசியாரிடம், "எங்க வூட்டுக்காரருக்கு ஒடம்பு நல்லாவறதுக்குங்க ஐயா" என்றாள். ஸ்தோத்திரக் காணிக்கை என்றால் காரியம் முடிந்த பிறகு வைப்பது. எங்கள் வழக்கம் அதுதான். அதனால் அவரும் யோசிக்காமல், "சகோதரி எஸ்தரின் கணவருக்குக் கர்த்தர் பூரண சுகம் கொடுத்தபடியால்!" என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டார். கூரை அதிர "ஸ்தோத்திரம்" என்றோம். ராத்திரியே நல்ல சேதி வந்திருக்கும் என்று நம்பி நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னேன். ஆராதனை முடிவதற்குள் பெண்கள் பாயில் அவளைச் சுற்றிக்கொண்டார்கள்.

"எப்பம்மா வூட்டுக்கு வந்தாரு?"

"இன்னும் வரல. ஒண்ணுக்கும் இன்னும் வரல" என்றாள்.

உபதேசியார் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். மூப்பர் தமிழழகன் எழுந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் வேதாகமத்தில் ஒரு கமாவைக்கூட யாரும் தொடக் கூடாது என்பவர்.

"நடக்காததுக்கு ஸ்தோத்திரம்னா அது சந்நிதியில சொல்ற பொய் இல்லியாம்மா? கொலைய எடுத்துக்கினு போ. நடக்கட்டும், அப்பறம் கொண்டாந்து வையி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கோகிலவாணி கோபப்படவில்லை. அவளுக்குக்கூடக் குரலைத் தாழ்த்திப் பேசத் தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"நல்லாயிட்டாருன்னா நான் எப்ப வேணா சொல்லுவேங்க ஐயா, அது பெரிய காரியம் இல்ல. நல்லாவலன்னா நன்றி சொல்ல எனக்கு வாய் வருமா, வராதான்னு தெரியல. அந்தப் பயத்துலதான் இப்பவே சொல்லிட்டேன். எது நடந்தாலும் நான் சொன்னது சொன்னதா இருக்கட்டும். ஆண்டவரு எங்கள உடமாட்டாருங்க, அது மட்டும் தெரியும்."

தமிழழகன் குலையைத் தொடாமல் உட்கார்ந்தார்.

ஏலத்தில் பூசணி போயிற்று, கரும்பு போயிற்று, சேவலுக்கு வழக்கம்போலச் சண்டை நடந்தது. இளநீர்க் குலைக்கு மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் தமிழழகன்தான் கேட்டார். எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. வேப்பமரத்தடியில் வீரமணி உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்து சீவிச் சீவி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். பத்தாததற்குப் பங்கு போட்டுக் குடித்தோம். அங்கே ஒருவன் வாய் வறண்டு கிடக்க, இங்கே என் பங்கில் பாதியைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டேன். கோகிலவாணி மட்டும் ஒரு காயை முழுதாகக் குடித்துவிட்டு, "தித்திப்பு ஜாஸ்தி, அவரு சொன்னா மாதிரியேதான்" என்று சொல்லி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

அடுத்த நாளே அற்புதம் நடந்ததா என்றால் இல்லை. இன்னும் எத்தனையோ முறை மிஷினில் படுத்தான். ஒரு தடவை காய்ச்சல் வந்து, அவ்வளவுதான் என்றே நினைத்தோம். அவள் அசையவில்லை. பிறகு ஒரு மத்தியானம் எனக்குப் போன் வந்தது. எடுத்ததும் காதில் விசில் அடித்தது மாதிரி ஒரு கத்தல்.

"அக்கா, பையில தெரியுதுக்கா!"

"இன்னாடி தெரியுது?"

"அதான்க்கா! கம்மியாத்தான் இருக்கு, ஆனா வருதுக்கா!"

நான் அடுப்பை அணைக்கவும் மறந்து தெருவுக்கு ஓடி, கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். ஒரு ஆண்பிள்ளைக்குச் சிறுநீர் வந்த சேதியைத் தெருவில் கூவிக்கொண்டு போன பொம்பளை நானாகத்தான் இருப்பேன். நாளுக்கு நாள் அளவு கூடியது. டாக்டரம்மா முதலில் டயாலிசிஸைக் குறைத்தார், பிறகு நிறுத்தினார், பிறகு வீட்டுக்குப் போகச் சொன்னார்.

வந்த ஞாயிற்றுக்கிழமை வீரமணி வேப்பமரத்தடியில் உட்காரவில்லை. உடம்பு பாதியாகி, சட்டை தொளதொளக்க, உள்ளே வந்து கடைசி வரிசையில் கதவோரமாக உட்கார்ந்தான். சாட்சி சொல்லும் நேரம் வந்தது. உபதேசியார், "சகோதரி எஸ்தர்" என்றார். அவள் முதல் தடவையிலேயே திரும்பினாள்.

"நான் அன்னிக்கே சொல்லிட்டேங்க ஐயா. பாக்கி அவருதான் சொல்லணும்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். வீரமணி எழுந்து நின்றான். கையைக் கட்டினான், அவிழ்த்தான். "எனக்குப் பேசல்லாம் வராதுங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். உபதேசியார் சிரித்துவிட்டுப் பிரசங்கத்தைத் தொடங்கினார்.

பிரசங்கம் பாதியில் இருக்கும்போது கடைசி வரிசையில் ஒரு சலசலப்பு. வீரமணி குனிந்தபடி கதவைப் பார்த்து நழுவிக்கொண்டிருந்தான். உபதேசியார் நிறுத்திவிட்டு, "எங்க தம்பி கெளம்பிட்டீங்க?" என்றார்.

வீரமணி வாசற்படியில் நின்று, வெட்கத்தோடு சுண்டுவிரலைக் காட்டினான்.

முன்வரிசையிலிருந்து மூப்பர் தமிழழகன் எழுந்தார். "ஸ்தோத்திரம்!" என்றார். சபை மொத்தமும் எழுந்து நின்று, கூரை அதிர அதைத் திரும்பச் சொன்னது. கோகிலவாணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் என் தோளில் சாய்ந்து அழத் தொடங்கினாள். வீரமணி திரும்பி வரும்வரை உபதேசியார் பிரசங்கத்தைத் தொடரவில்லை.